வலது மூலையில் நின்றவர்

ஷெப்னெம் தன் அப்பாவின் தாடையை மவுஸால் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்கக்கா," என்றான் ஜெவ்தெத். "இந்தப் பக்கம் பூசணிக்காய் மாதிரி இருக்கு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க. நான் லென்ஸைச் சொன்னேன், ஐயாவை இல்ல."

"தெரியும். நானும் லென்ஸைத்தான் திட்டிட்டிருக்கேன்."

இஸ்மிர் நகரின் கார்ஷியாகா கடைத்தெருவில் ஜெவ்தெத்தின் ஜெராக்ஸ் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. விடியும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் அவள் அப்பா ரிஃப்கியின் இதயம் நின்றுவிட்டது. மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம். அதற்குள் அவர் படத்தை உள்ளங்கையளவுக்கும் சின்னதாக அச்சடித்து, ஊசியோடு வைத்திருக்க வேண்டும். பள்ளிவாசல் முற்றத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். படம் இல்லாத சாவு வீடு என்றால் இஸ்மிரில் நேரில் ஏன் என்று கேட்க மாட்டார்கள், ஆனால் ஊர் முழுக்கப் பேசுவார்கள்.

பிரச்சினை என்னவென்றால், ரிஃப்கிக்குப் படமே இல்லை. இல்லை என்று சொல்வதும் தப்பு. ஆயிரக்கணக்கில் இருந்தது. எல்லாவற்றிலும் அவர் வலது மூலையில் நின்றார்.

ஷெப்னெம் லென்ஸ்களைச் சோதித்து எழுதுகிறவள். சின்ன சென்சார் கேமராக்களுக்கான அகலக்கோண ஜூம் லென்ஸ் புதிதாக எது வந்தாலும், கடைக்காரர்கள் முதலில் அவளுக்குத்தான் இரவல் அனுப்புவார்கள். அவள் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் விற்கும். எந்த லென்ஸும் நடுவில் ஒழுங்காகத்தான் வரையும். யோக்கியதை தெரிவது மூலையில். மூலையில் கட்டடம் இருந்தால் பார்க்கிறவனுக்கு உறைக்காது, மனித முகம் இருந்தால் உறைக்கும். அதனால் கேமராவைத் தாழ்த்தி வைத்து, அப்பாவின் தலை வலது மேல்மூலைக்கு வரும்படி நிறுத்துவாள். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். கண்ணாடிக் கூண்டுக்குள் அசையாமல் உட்கார்ந்து பழகியவர். நில் என்றால் நிற்பார்.

அவள் கட்டுரைகளில் அந்த முகம் பிரபலம். இடது தாடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே எழுதுவாள்: 'பத்து மில்லிமீட்டரில் ஓரத்து முகங்கள் வெளியே இழுபடுகின்றன. பதினான்குக்கு மேல் குறைகிறது.' லென்ஸுக்கு லென்ஸ் வட்டம் பெரிதாகும், சிறிதாகும். வட்டம் இல்லாத கட்டுரை இதுவரை வந்ததில்லை.

இப்போது திரையில் விரிந்திருந்தது கடைசிச் சோதனையின் படம். போன மாதம் படகுத்துறையில் எடுத்தது. நல்ல லென்ஸ்தான். கையில் கனக்கவில்லை, ஒளி நுழையும் துளையை முழுக்கத் திறந்தாலும் நடுப்பகுதி தெளிவு, சூரியன் எதிரே இருந்தும் ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் விழுந்தது. மூலைகள் மட்டும் கொஞ்சம் கலங்கல், துளையைச் சுருக்கினால் அதுவும் சரியாகிறது. அந்தச் சுருக்கிய படத்தில்தான் அப்பா மீசையோடு, சாம்பல் நிறக் கோட்டோடு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

ஓரத்து இழுப்பைச் சரிசெய்வது அவளுக்குக் கைவந்த வேலை. எந்தக் கோணத்தில் எவ்வளவு இழுபடும் என்ற கணக்கு விரல் நுனியில் இருந்தது. அந்தக் கணக்குக்குத் திருத்திய பிறகும் இடது தாடை கொஞ்சம் துருத்தியது. இந்த லென்ஸ் எதிர்பார்த்ததைவிட மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் கையாலேயே தள்ளிச் சமப்படுத்தினாள்.

"ஆங், இப்ப சரி. சினிமாக்காரர் மாதிரி இருக்காரு," என்றான் ஜெவ்தெத்.

"முதல்ல ஒண்ணே ஒண்ணு போடு. அம்மா பாக்கட்டும்."

வீட்டில் ரவையும் வெண்ணெயும் வறுபடும் வாசனை படிக்கட்டு வரை வந்தது. சமையலறையில் சாதியே அத்தை பெரிய பாத்திரத்தில் சாவு வீட்டு அல்வா கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. அழுகை வரும்போதெல்லாம் கரண்டியை வேகமாகச் சுற்றினாள். வந்திருந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கரண்டியை வாங்கிக் கிண்டி, வாய்க்குள் ஓதிவிட்டுக் கொடுத்தார்கள்.

"வந்தாளா நம்ம போட்டோக்காரி?" என்றாள் அத்தை. "ஊர் உலகத்தையே படம் பிடிக்கிறா, பெத்தவனுக்கு ஒரு படம் இல்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்கடி."

"கொண்டு வந்திருக்கேன் அத்தை."

அம்மா நெர்மின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் மகன் இல்கெர் அடையாள அட்டைப் படத்தை நீட்டியபோது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டாள். 'ஜெயில்லேர்ந்து விட்ட மறுநாள் எடுத்த மாதிரி இருக்கு. இதைக் குத்திட்டு நான் வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டாள். கல்யாணப் படத்தில் தலை நிறைய கருமுடி. அதைப் போட்டால் யார் இந்தப் பையன் என்று கேட்பார்கள். வீட்டில் கேமராவைக் கையில் வைத்திருந்தவர் எப்போதும் ரிஃப்கிதான் என்பதால், மற்ற படங்களிலெல்லாம் அவர் இல்லை.

ஷெப்னெம் படத்தைக் கொடுத்தாள். அம்மா கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிட்டே கொண்டுவந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னம்மா?"

"இந்தப் பக்கத்தை எங்க காணோம்?"

"எந்தப் பக்கம்?"

"தாடை. அவருக்கு இந்தப் பக்கம் அகலம்தானே. ஷேவ் பண்றப்ப இங்க மட்டும் ரெண்டு தடவை இழுப்பாரு. நீ அதை எடுத்துட்டியே."

"அது லென்ஸ்மா. ஓரத்துல நின்னா அப்படித்தான் வரும். அதைத்தான் நான் சரி பண்ணேன்."

"சரி பண்ணியா?" அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவளைப் பார்ப்பது போன்ற பார்வை. படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நாப்பது வருஷமா அந்தப் பக்கம்தான் நான் படுக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. பிறகு அத்தை மறுபடியும் கிண்ட ஆரம்பித்தாள்.

அப்போது இல்கெர் போன் செய்தான். அப்பாவைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்களாம், முகத்தை மூடுவதற்கு முன்னால் பார்க்கிறவர்கள் வரலாம் என்றான். அம்மா தலையை ஆட்டினாள். "நான் ஆஸ்பத்திரியிலேயே பாத்துட்டேன். நீ போ. நீ பாக்கல."

உண்மைதான். விடியற்காலையில் நர்ஸ் கதவைத் திறந்தபோது ஷெப்னெம் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டாள். தம்பிக்குப் போன் செய்ய வேண்டும், கோட்டை எடுக்க வேண்டும் என்று ஏதேதோ வேலை கண்டுபிடித்தாள். உள்ளே போக அவளுக்குப் பயமாக இருந்தது.

குளிப்பாட்டும் இடம் மயானத்தின் வாசலிலேயே இருந்தது. தரை ஈரமாக இருந்தது, கற்பூர வாசனை. வெள்ளைத் துணி கழுத்துவரை சுற்றப்பட்டு, முகம் மட்டும் திறந்திருந்தது. இல்கெர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குளிப்பாட்டியவர் ஒதுங்கி, "சீக்கிரம் பாத்துக்கோம்மா. கண்ணீர் மேல விழாம பாத்துக்கோ," என்றார்.

அவள் வழக்கம்போல முதலில் எட்டி நின்றாள். நேரே, கோணமில்லாமல். பிறகு கிட்டே போனாள். மேசைக்கு அருகில் குனிந்து, முகத்துக்கு நேர் மேலே தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

இடது தாடை அகலமாகத்தான் இருந்தது. காதுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து, ஒரு சின்ன மேடாகி, மோவாயில் போய்ச் சேர்ந்தது. வலது பக்கம் அப்படி இல்லை. நடுவில் லென்ஸே இல்லை. அவள் கண்ணும் அந்த முகமும் மட்டும்தான்.

"இல்கெர்."

"ம்."

"அப்பாவுக்கு இந்தப் பக்கம் பெருசுடா."

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

அவன் புரியாமல் பார்த்தான். "எல்லாருக்கும் தெரியுமேக்கா. பேங்குல அவரை அதைச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க."

அவளுக்குத் தெரியாது. எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு புள்ளியாக. பார்த்ததெல்லாம் லென்ஸைத்தான். ஒருமுறை அப்பா அவள் தோளுக்குப் பின்னால் நின்று சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாப் பழியையும் அது மேலயே போடாதம்மா, பாவம்," என்று சொல்லியிருக்கிறார். லென்ஸுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவளும் சிரித்தாள். அவரும் சிரித்தார். தன் முகம் இப்படித்தான் என்று மகளிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். அல்லது அவளுடைய வேலைக்கு அது உதவுகிறதே, இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். இனி கேட்க முடியாது. உள்ளங்கையை அந்த மேட்டில் வைத்தாள். சில்லென்று இருந்தது. கை அதன் வளைவுக்குச் சரியாகப் பொருந்தியது. கண்ணீர் விழாமல் இருக்க முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, கையை எடுக்காமல் அழுதாள். குளிப்பாட்டியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை.

கடைக்குத் திரும்பியபோது ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. அவள் முதல் படத்தைத் திரும்பத் திறந்தாள். லென்ஸின் கணக்குக்கு மட்டும் திருத்தினாள், கையால் எதையும் தள்ளவில்லை. பிறகு இடது கையைப் பாதி மூடி, அந்த வளைவை நினைவில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

ஜெவ்தெத் எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் துருத்துதே. லென்ஸோட வேலைதான். இழுத்துவிடட்டா?"

"தொடாத."

"ஒரு நிமிஷ வேலைக்கா."

"அது லென்ஸ் இல்ல ஜெவ்தெத். அது அப்பா."

அவன் கையை எடுத்துக்கொண்டான். மிஷின் ஓட ஆரம்பித்தது. ஒரே தாளில் வரிசை வரிசையாக ரிஃப்கி வெளியே வந்தார். ஜெவ்தெத் வெட்ட, அவள் ஊசி குத்தினாள். விரலில் ஒரு தடவை ஏறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் பெட்டியைக் கல்மேடையில் வைத்து, பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம் கூடத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் பெரிய பிளேன் மரத்தின் நிழலில். "மிச்சம் இருக்கிறவங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராக இல்கெரின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவன் படங்களை நீட்டினான். வங்கியில் கூட வேலை பார்த்த கிழவர் ஒருவர் படத்தைப் பார்த்ததும், "அட, நம்ம தாடைக்காரன்," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே அழுதார்.

ஷெப்னெம் அம்மாவிடம் போய் ஒன்றைக் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள். "வெளிச்சத்தை மறைக்கிற."

ஷெப்னெம் நகர்ந்தாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள். பாங்கு சொல்லத் தொடங்கி, முற்றம் அமைதியானது. அம்மா இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு படத்தைத் தன் கறுப்புக் கோட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஊசியைக் குத்தினாள். அது சற்றுச் சாய்ந்திருந்தது. ஷெப்னெம் நேராக்கிவிடக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா, நீட்டிய கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.