சிவப்பு எதற்கு

தொண்ணூற்றெட்டில் கோவையில் குண்டுகள் வெடித்த பிறகு கோட்டைமேட்டில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. ஹுமேராவின் வீட்டுக்குள் போலீஸ் நுழைந்தபோது அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பீரோவையும் அரிசி டிரம்மையும் கிளறிய பிறகு, சப் இன்ஸ்பெக்டர் லட்சுமணசாமியின் கண் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தில் போய் நின்றது.

டிராயிங் டீச்சரான ஹுமேரா வரைந்தது அது. போத்தனூர் ரயில்வே பாலத்தின் மேலிருந்து பார்த்த கோவையை வரையத் தொடங்கினாள். வரைய வரைய வீடுகள் கட்டங்களாகவும் தண்டவாளங்கள் கறுப்புக் கோடுகளாகவும் மாறிவிட்டன. நடுநடுவே சிவப்புத் தீற்றல்கள்.

"இது நம்ம ஊருங்களா?"

ஆமாம் என்றாள்.

"இந்தச் செவப்பெல்லாம் எந்தெந்த எடமுங்கம்மா?"

இதுவரை யார் கேட்டாலும், உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி என்று சிரித்து நழுவியிருக்கிறாள். குண்டு வைக்கும் இடங்களின் வரைபடமோ என்று சந்தேகப்படுகிறவரிடம் அது செல்லாது. சிக்னல் விளக்குகள் என்று சொல்லிவிட்டாள்.

லட்சுமணசாமி அடுத்த அறையில் நிறுத்தியிருந்த அவள் கணவன் ரசாக்கிடம் போனார். கட்பீஸ் துணிக்கடை வைத்திருக்கும் ரசாக் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தவரின் குரல் மாறியிருந்தது. "அவரு பூங்கறாரு. நீங்க சிக்னல்ங்கறீங்க. எதை நம்பறது?"

"ரெண்டுமில்லீங்க சார். கறுப்பு சாஸ்தியாப் போச்சுன்னு செவப்பு வெச்சேன். அவ்வளவுதானுங்க."

உண்மை அதுதான். ஆனால் அவள் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. ரசாக்கையும் படத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விடிந்தால் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பாள். உள்ளே விடமாட்டார்கள். அந்தச் சிவப்பை ஏன் வைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டு, பொழுது சாயத் திரும்புவாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம் ரசாக் ஆட்டோவில் வந்து இறங்கினார். கன்னம் வீங்கியிருந்தது. கக்கத்தில் படம். சோறு போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள், ஏன் பூ என்று சொன்னீர்கள் என்று.

"மொதல்ல இருந்தே எனக்கு அது குல்மோகர் பூவாத்தான் தெரிஞ்சுது. தெனமும் பாத்துட்டுத்தான் கடைக்குப் போவேன். அவங்க அடிச்சுக் கேட்டப்பவும் வேற சொல்ல வரல."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒவ்வொரு சிவப்பின் பக்கத்திலும் போலீஸ்காரர்கள் பால்பாயிண்ட் பேனாவால் நம்பர் போட்டிருந்தார்கள். துணியைப் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எண்கள் போகவில்லை, சிவப்புதான் கலங்கியது.

சுவரில் மாட்டட்டுமா என்று ரசாக் எழுந்தார்.

"இப்ப வேண்டாங்க" என்றாள்.