போடிமெட்டில் உப்பிய பாக்கெட்

எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஜியாகரபி. "மேப்புல ஊரக் காட்டவா காலேஜுக்குப் போன?" என்று கிண்டல் வாங்கிய முதல் ஆளும் நான்தான். வேலை தேடுவது போக, சனிக்கிழமைகளில் ஏலத்தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பூமியைச் சொல்லிக்கொடுக்கிறேன். அஞ்சாறு வயசுப் பொடிசுகளுக்கு மண், மழை, மலை, காற்று.

அன்றைக்கு அவர்களை மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கே கூட்டிப்போனேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பெத்துராஜ் அண்ணன் ஜீப்பு. வேலைக்குப் போகும் அம்மாக்களின் மடியில் பிள்ளைகள். கீழே போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் என் பையில்.

மேலே இறங்கிப் பையைத் திறந்தேன். பாக்கெட்டெல்லாம் வெடிக்கிற மாதிரி வயிறு ஊதிக் கிடந்தன. அதைக் காட்டத்தான் வாங்கியதே.

என் வகுப்புப் பிள்ளை பவித்ராவின் அம்மா ராக்கு அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"தொடாத புள்ள! உப்பிப்போன பால் பாக்கெட்டுனாலதான் போன மாசம் வாந்தி எடுத்த. ஏத்தா, கெட்டதக் கொண்டாந்து குடுக்குறியே, நீயெல்லாம் படிச்சவளா?"

"கெடலக்கா. இது காத்து..."

"காத்தும் வேணாம், கருப்பும் வேணாம். இனிமே எம்புள்ள உங்கிட்ட வராது."

மற்ற அம்மாக்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். ராக்கு அக்கா சொல்வதுதான் அந்த ஜீப்பில் சட்டம். என் வகுப்பு அத்தோடு முடிந்தது போலிருந்தது. எனக்குக் கொதித்தது. தினம் இதே மலை ஏறுகிறவர்கள்தான். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருகிறவர்கள் கண்ணில் பாக்கெட் உப்புவது எங்கே பட்டிருக்கும்? கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

பவித்ரா முந்திக்கொண்டாள். "யம்மா, ஜீப்புல நெறைய ஆளு இருந்தா நசுங்கி உக்காருவோம்ல? பாதிப் பேரு எறங்கிட்டா?"

"கால நீட்டுவோம். அதுக்கென்ன இப்ப?"

"இங்கன காத்து கம்மி. வெளிய இருந்து நெருக்க ஆளில்ல. உள்ள இருக்க காத்து கால நீட்டிருச்சு. கீழ போனா மடக்கிக்கிரும். நீயே வச்சுப் பாரேன்."

நான் சொல்லிக்கொடுத்தது கிணற்றுத் தண்ணீரை வைத்து, ஆழம் போகப் போக அமுக்கும் என்று. ஜீப்பு உதாரணம் அவளே பிடித்தது.

"யே ராக்கு, என் வண்டிய வச்சே பாடம் எடுக்குறா உம்மக!" பெத்துராஜ் அண்ணன் சிரித்தார். "பாத்துட்டுத்தான் பேசேன்."

சாயங்காலம் இறங்கும்போது ராக்கு அக்காவின் மடியில் ஒரு பாக்கெட். வளைவுக்கு வளைவு விரலால் அமுக்கிக்கொண்டே வந்தார். அடிவாரத்து முந்தல் வருவதற்குள் பாக்கெட் தொளதொளத்துவிட்டது. பிரித்தார், மோந்தார், ஒன்றைக் கடித்தார். மொறுமொறுவென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"சனிக்கிழம வெரசா வந்துரு," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "இவ விடியமுன்ன எந்திரிச்சு உசுர எடுப்பா."

போடியில் இறங்கியதும் டீக்கடைக்காரரிடம் போய் நின்றார். "அண்ணே, மலைக்கு மேல காத்து கம்மி, தெரியுமா? எம்மக கண்டுபிடிச்சிருக்கா!"

அவள் கண்டுபிடிக்கவில்லை என்று திருத்தப் போனேன். பவித்ரா நின்ற நிமிர்வைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.