முறைப்படி அழைக்கும்வரை

காலை ஒன்பது மணிக்கு ஜாயிக் ஆறு எங்கள் தோட்டத்துக் குளியல் கொட்டகையின் முதல் படியில் இருந்தது. பதினொரு மணிக்கு மூன்றாம் படி. அம்மா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வரக்கூடாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரால் நகரத்தில் பாதிப் பேர் கரைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் மணல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் நாங்கள் இருவர்தான் மிச்சம். மற்றவர்களுக்கெல்லாம் புத்தி இருந்தது.

ஒலிபெருக்கி வண்டி மூன்று தடவை வந்து கத்திவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் கட்டில் இருக்கிறதாம், சூடாக சூப் இருக்கிறதாம்.

"பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்தா ஊரு என்னடா பேசும்? மகளைக் குடுத்த வீடு பத்து நிமிஷத்துல இருக்கு, அதுவும் அஞ்சாம் மாடி. அவங்க கதவைத் தொறக்கலியான்னு கேக்க மாட்டாங்க?"

"அப்ப அங்கேயே போவோம்மா."

"அழைச்சாங்களா?"

இதுதான் சங்கதி. போன இலையுதிர் காலத்தில் என் தங்கை அய்னாஷை அந்தப் பையன் யாரையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள். பிறகு பெரியவர்கள் வந்து மன்னிப்புக் கேட்டார்கள், கல்யாணம் நடந்தது. ஆனால் பையன் வீட்டார் சம்பந்திகளை வீட்டுக்கு அழைத்து, ஆட்டைக் காட்டி ஆசீர்வாதம் வாங்கி, அறுத்து விருந்து வைக்க வேண்டும். அதுவரை பெண்ணைப் பெற்றவள் அந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது, பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வரக் கூடாது. பையனின் அம்மா ஸகிலா, வசந்தம் வரட்டும், ஆடு கொழுக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். ஆடு கொழுப்பதற்குள் ஆறு கொழுத்துவிட்டது. ஆறு மாதமாக மகளை நேரில் பார்க்காமல் அம்மா உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அம்மாவுக்குச் சாண் வேறு, முழம் வேறு.

கொட்டகைக்குப் பின்னால் போய் ஸகிலா அத்தைக்குப் போன் போட்டேன்.

"மூணு தடவை போன்ல கூப்பிட்டேனே! தண்ணி வீட்டுக்குள்ள வருது, உங்கம்மாவுக்கு இப்பவும் சடங்கா கேக்குது?"

"போன்ல கூப்பிட்டா அழைப்பு இல்லையாம் அத்தை."

"ஆட்டையும் பாக்கணுமாமா?"

"கேக்கல. ஆனா பாத்தா சந்தோஷப்படுவாங்க."

இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதில் மீட்புப் படகு வந்தது. ஓட்டி வந்தவர் ரினாத் என்ற தாத்தார் இனத்துக்காரர், முகத்தைப் பார்த்தாலே ராஜினாமா எழுதப் போகிறவர் மாதிரி இருந்தார். நடுவில், நரித்தோல் கழுத்துப்பட்டை வைத்த கோட்டில் ஸகிலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு ஒரு ஆடு.

அம்மா உள்ளே ஓடினாள். ஐயோ பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பண்டிகைக்குக் கட்டும் வெள்ளை முக்காட்டோடு திரும்பி வந்தாள்.

ஸகிலா எழுந்து நின்றாள். படகு ஆடியது. "சம்பந்தியம்மா! எங்க வீட்டுக்கு வரணும், முதல் மரியாதை உங்களுக்குத்தான். இதோ ஆடு. கண்ணால பாத்து ஆசீர்வாதம் பண்ணுங்க, வீட்டுக்குப் போய் அறுப்போம்."

அம்மா உள்ளங்கைகளை விரித்து, ஒரு வரி விடாமல் ஆசீர்வாதத்தை முழுசாகச் சொன்னாள். ஆடு கேட்டுக்கொண்டிருந்தது. அத்தோடு முடிந்தது என்று நான் பையைத் தூக்கினேன்.

"உள்ள வாங்க. ரொட்டியில வாய் வைக்காம எங்க வாசல்ல இருந்து யாரும் திரும்பினது இல்ல."

"அம்மா, தண்ணி!" என்று கத்தினார் ரினாத்.

"நீயும் வா தம்பி. டீ சூடா இருக்கு."

படகை வேலியில் கட்டிவிட்டு வந்தார்கள். வேறென்ன செய்வார்கள்? வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் கம்பளத்தை நனைக்க ஆரம்பித்திருந்தது. சம்பந்திகள் இருவரும் காலை நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கிண்ணத்தில் பால் டீ குடித்தார்கள். குளிர் எப்படி, மூட்டுவலி எப்படி, ஆட்டை அஞ்சு மாடி ஏற்ற முடியுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

"அய்னாஷும் படகுல வரேன்னு ஒத்தக் கால்ல நின்னா," என்றாள் ஸகிலா, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "நாந்தான் விடல. நாலு மாசத்துல படகு ஏறலாமா?"

அம்மாவின் கிண்ணம் பாதியில் நின்றது. "எதுக்கு நாலு மாசம்?"

ஸகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! நீங்க வந்ததும் அவளே நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தா..."

அம்மா எழுந்தாள். பை, சம்பந்திகளுக்கென்று வருஷக்கணக்காகச் சேர்த்த துணிமணிகள், பூட்டு, நான், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் சலசலவென்று நடந்து, வேலியைப் பிடித்து, யார் கையையும் வாங்காமல் படகில் ஏறி, ஆட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னய்யா நிக்கிறே, எடு வண்டியை!"

"இது படகும்மா," என்றார் ரினாத், வாய் நிறைய ரொட்டியோடு வாசலில் நின்றபடி.

"எதுவா இருந்தா என்ன, எடு!"

அழைக்க வந்தவள் இன்னும் என் வீட்டு நாற்காலியில், கையில் கிண்ணத்தோடு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வெளியே அம்மா இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த படகு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றியது.