பாறையைக் கலைத்த நாள்

இறந்துபோன மனைவி விட்டுச்சென்ற கடல்மீன் தொட்டியில், கூட்டமாகத் திரிந்த பச்சை மீன்களில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. துணைக்கு ஒவ்வொன்றாக அவன் வாங்கிவிட்ட இரண்டையும் அது விரட்டி விரட்டிக் கடித்தே கொன்றது.

“ஒத்தையா விட்டா நாட்டாமை பண்ணத்தான் செய்யும், தம்பி,” என்றார் மீன்கடைக்காரர். “ஆறு மீன ஒண்ணா விடுங்க. அதுக்கு முன்னாடி பாறைய மாத்தி அடுக்குங்க. பழசுக்கும் அது புது வீடா இருக்கணும்.”

அந்தப் பாறைகள் அவள் கையால் அடுக்கியவை.

“அக்கா இருந்தா உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா, அத்தான்,” என்றாள் மச்சினி.

“மீனு செத்தா மட்டும் சும்மா விடுவாளா?”

சட்டைக்கையை மடித்துவிட்டு, எல்லாப் பாறையையும் இடம் மாற்றினான். ஆறு மீன்களையும் விட்டான். பழையது தன் பொந்தைத் தேடி இருமுறை சுற்றியது. கிடைக்கவில்லை. பிறகு கூட்டம் திரும்பிய பக்கமே அதுவும் திரும்பியது.