இரண்டு வாஷர்

குழாயின் விசையை அழுத்தினேன். சீறிப் பாய வேண்டிய தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பியது. குழாய் கையில் துள்ளியது. பம்ப் இரைந்ததே தவிர, டாக்சியின் கதவில் அப்பியிருந்த சேறு அசைந்து கொடுக்கவில்லை. டாக்சிக்காரர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள்ளிருந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை, பம்பைத்தான் பார்த்தார். முந்தின நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. "இந்த ஈரத்துல கெடக்கறதுக்கு லாரியே தேவலாம்" என்று அவர் சொல்ல, "போங்களேன், யாரு புடிச்சு வெச்சிருக்கா" என்று நான் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லாரி ஓட்டப் போனால் மனிதர் வீடு தங்கமாட்டார். கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தோம். வருவார், அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் தூங்குவார், எழுந்ததும் கிளம்பிவிடுவார். பெற்ற மகளுக்கே அவர் விருந்தாளி. கார் கழுவும் இந்த ஷெட்டைப் போட்டதே அந்தப் பிழைப்பு வேண்டாமென்றுதான். காலையில் என் காதுபட லாரி முதலாளியிடம் போனில், "நாளைக்கு வந்துடறேண்ணே" என்றார்.

இப்போது பம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போயிடுச்சு போலிருக்கு" என்றார், டாக்சிக்காரரிடம். பம்பும் போய்விட்டால் இவரை எதைச் சொல்லி நிறுத்துவது?

ஆயிலும் பெல்ட்டும் அவர் பொறுப்பு. பம்புக்குத் தண்ணீர் போகும் வழியில் இருக்கிற ஃபில்டரைக் கழற்றி மண்ணைக் கழுவுவது என் பொறுப்பு. அதன் கப்பில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. யார் மாற்றினாலும் "வாஷர் போட்டாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும், மற்றவர் "சரி" என்று பதில் சொல்ல வேண்டும். இன்று காலை கப்பைக் கழற்றினால் வாஷரைக் காணோம். சாக்கடையில் விழுந்திருக்கும் என்று புதிதாக ஒன்றைப் போட்டேன். அவரைக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நான் முதலில் பேசியதாக ஆகிவிடுமே.

சட்டென்று ஏதோ உறைத்தது. தண்ணீரை அடைத்துவிட்டுக் கப்பைக் கழற்றினேன். நான் போட்ட வாஷர் இருந்தது. மேலே, மூடியின் பள்ளத்தில் விரலை விட்டேன். கறுப்புக்குள் கறுப்பாக இன்னொன்று தட்டுப்பட்டது. அதுவும் புதுசு.

"வாஷர் மாத்துனீங்களா?"

"பழசு வெடிச்சிருந்துச்சு. மாத்தி, மேல அழுத்தி வெச்சேன்."

"நானும் ஒண்ணு போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பார்வை கப்புக்குப் போய், திரும்பி வந்தது.

"ரெண்டு போட்டா சரியா உக்காராது. காத்த இழுக்காம என்ன பண்ணும்?"

"குரல் குடுத்திருக்கலாமில்ல?"

"நீ குடுத்தியா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவருக்கும் மீசை லேசாக அசைந்தது. ஒன்றை உருவி எடுத்துவிட்டுக் கப்பை அவரே இறுக்கினார். பம்பைப் போட்டதும் குழாய் விறைத்தது. அழுத்தினேன். தண்ணீர் ஒரே கோடாகப் போய்க் கதவில் அறைந்தது. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

அவர் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, கைபேசியோடு ஷெட்டின் ஓரத்துக்குப் போனார். நான் விசையை விட்டேன். பம்பின் இரைச்சல் அடங்கியது.

"அண்ணே, நாளைக்கு வரலண்ணே... இல்ல, அதுக்கப்புறமும் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க."

"ஏம்மா, மறுபடியும் நின்னுடுச்சா?" என்றார் டாக்சிக்காரர்.

"இல்லீங்க, நல்லா ஓடுது" என்று சொல்லி அழுத்தினேன். சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்து கீழே சரிய, கதவின் வெள்ளை தெரிய ஆரம்பித்தது.