பதினாறு கெட்டில்களைத் தள்ளிய கை

உடைந்து ஒட்டிய கையால் என் மனைவி ஒரே பிற்பகலில் பதினேழு கெட்டில்களைத் தூக்கினாள். அத்தனையும் தண்ணீர் நிறைந்தவை. தூக்கி, சாய்த்து, ஊற்றிப் பார்த்துப் பதினாறைத் தள்ளிவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் இடத்தை என் மைத்துனன் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறான்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் எங்கள் பழைய கெட்டிலை அவளால் அசைக்க முடியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் யாரும் வாயைத் திறப்பதற்குள் தன் டீயைத் தானே போட்டுக் குடிப்பது அவளுடைய நாற்பது வருடப் பழக்கம். இப்போது நான் எழுந்து போட்டுத் தரும்வரை காத்திருந்தாள். நான் எழுவது ஏழரைக்கு. என் டீயைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. நோய் முற்றிவிட்டது என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

மைத்துனன் அவளுடைய தம்பி, நில அளவையாளன். தானே அளந்து பார்க்காத எதையும் நம்ப மாட்டான். அக்கா இனிமேல் கெட்டில் தூக்குவது நடக்காத காரியம் என்று தீர்ப்புச் சொல்லி, பொத்தானை அழுத்தினால் வெந்நீர் கொட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். அது ரயில் எஞ்சின் மாதிரி இரைந்தது. சமையல் மேடையில் பாதியை வளைத்துப் போட்டது. அவள் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, கடைக்குப் போகலாம் என்றாள்.

மகளும் வந்தாள். சமையலறை டைல்ஸைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்த நிறத்துக்குப் பொருந்தாத எதையும் அவள் திரும்பிப் பார்ப்பதாக இல்லை.

கடையில் கெட்டில்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல அலங்காரமாக நின்றன. செம்பு நிறத்தில் ஒன்று, கொக்குக் கழுத்தோடு ஒன்று, கண்ணாடி வயிற்றுக்குள் நீல விளக்கு எரிய ஒன்று. நான் முப்பத்திரண்டு வருடம் தராசுப் பரிசோதகராக இருந்தவன். ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடையைச் சொன்னேன். விற்பனைப் பெண் பெட்டியைப் பார்த்துச் சரி சரி என்றாள். ஒன்றில் மட்டும் நாலு கிராம் வித்தியாசம் வந்தது. பெட்டியில் தப்பாக அச்சடித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் இலேசானது ஒரு வெளிர்பச்சைக் கெட்டில். மகளும் படத்தோடு ஒட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தப் பெண் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள்.

"இருங்க," என்றாள் என் மனைவி. "வெறும் கெட்டிலையா நான் தூக்கப் போறேன்?"

தராசுத் தட்டு காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதிலேயே என் உத்தியோகம் முடிந்துவிட்டது. காலிப் பாத்திரத்தைத் தாண்டி என் புத்தி போனதே இல்லை.

தண்ணீர் வந்தது. பச்சைக் கெட்டிலின் கைப்பிடி உடம்பைவிட்டு வெகுதூரம் தள்ளியிருந்தது. சாய்த்ததும் மொத்தக் கனமும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே வைத்தாள். நிறம் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே என்று மகள் முனகினாள்.

"கலர் வந்து என் கையைப் பிடிச்சுக்குமா?"

அதற்குப் பிறகு அந்தப் பெண் வாளியோடு ஐம்பது நடை நடந்தாள். ஒன்றின் மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கொக்குக் கழுத்து மேசை முழுக்கச் சொட்டியது. கண்ணாடி வயிறு தண்ணீர் ஊற்றும் முன்பே கனத்தது. பதின்மூன்றாவதில் என் மனைவி அந்தக் கையை மறு கையால் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் ஸ்டூல் தேடிக் கொண்டுவந்து போட்டு, நாளைக்கு வரலாமே என்றேன். போர்த்தி வைத்த இயந்திரம்தான் இனி கதி என்று எனக்கே தோன்றிவிட்டது.

"அடுத்தது," என்றாள், நிமிராமலே.

பதினேழாவது அடர்சிவப்பு. குள்ளம், அகன்ற அடி. நான்கு விரலும் அடங்குகிற கைப்பிடி, வயிற்றை ஒட்டியே வளைந்திருந்தது. பச்சையைவிட இருநூற்றுப் பத்து கிராம் கூடுதல் என்று எச்சரித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. தூக்கினாள், சாய்த்தாள். மெல்லிய நூலாகத் தண்ணீர் டம்ளரில் இறங்கியது. மேசையில் ஒரு சொட்டு இல்லை. இன்னொரு டம்ளர் கேட்டாள். டைல்ஸை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் மகள்.

மறுநாள் நான் எழுந்தபோது அவள் டீ குடித்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. உடனே மைத்துனனுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு கெட்டில்னு சொல்லுங்க அத்தான், ஒத்துக்கறேன்," என்றான். பேரம் பேசி ஆறுவரை வந்தான். அதற்குமேல் ஏறவில்லை.

இயந்திரத்தை அவன் வாங்கியதும் அதே கடையில்தான். திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனவன் சாயங்காலம் வெறுங்கையோடு வந்து, சமையலறையில் உட்கார்ந்தான். அக்கா அவன் எதிரிலேயே அந்தக் கையால் கெட்டிலைத் தூக்கி அவன் கோப்பையில் ஊற்றினாள். நீர்மட்டம் பார்ப்பவன் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்தப் பொண்ணை விசாரிச்சேன் அத்தான். பதினேழு இல்ல."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"பதினெட்டுன்னு சொல்றா. நீங்க ஸ்டூல் தேடிப் போனப்ப, உள்ளேருந்து இன்னொண்ணு எடுத்துட்டு வந்தாளாம். அக்கா அதையும் தூக்கிப் பார்த்து வேணாம்னுட்டாங்களாம்."