நோகாத கை

கெலிஓயாச் சந்தியில் சலூன் வைத்திருந்த ராஜலிங்கத்துக்கு இரத்தப் புற்றுநோய். யுத்தம் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்த காலம். பாலத்துக்குப் பாலம் சோதனைச்சாவடி. கண்டியில் மருந்து ஏற்றத் தொடங்கியதுமே மனைவி அழகம்மா சலூனைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இருமுறவன் தலைக்கும் உங்க மூக்குக்கும் நடுவுல ஒரு சீப்புதாங்க இருக்கு," என்றாள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அது பிடித்தால்தான் சாவி.

போட்டார்கள். கை வீங்கி நொந்தால்தான் ஊசி பிடித்தது என்பது ஊர்க் கணக்கு. பக்கத்துக் கடை நஸீமுக்குச் சிறுவயதில் அம்மை குத்தியபோது வீங்கிய கை பஸ் கதவுக்குள் நுழையவில்லை. மடவளை வரைக்கும் அதை ஜன்னலுக்கு வெளியே விட்டுத்தான் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு காகங்கள் ஏறிக்கொண்டன. ராஜலிங்கத்தின் கையோ தனக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் இருந்தது. அவருக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் சாவிக்காகச் சட்டைக் கைக்குள் பஞ்சை வைத்து முனகிப் பார்த்தார். அழகம்மா பஞ்சை உருவி விளக்குத் திரி திரித்தாள்.

இரத்தத்தைச் சோதித்த டொக்டர் மகேந்திரராசா யாழ்ப்பாணத்துக்காரர். நோவு சாட்சியில்லை, இரத்தம்தான் சாட்சி, ஊசி பிடிக்கவில்லை என்றார்.

"ஊசி எண்டது கள்ளன்ட படத்தைக் காவல்காரருக்குக் காட்டுறது. நாங்கள் தாற மருந்து காவல்காரரையே வீட்டுக்கு அனுப்பிப்போட்டுது. படத்தை ஆர் பாக்கிறது?"

"அப்ப கடை தெறக்க ஏலாதுங்களா?" என்றார் ராஜலிங்கம்.

"உங்களைச் சுத்தி இருக்கிற ஆக்கள் போடட்டும். சிகிச்சை முடிஞ்சாப்பிறகு உங்களுக்கு இன்னொருக்காப் போடுவம்."

அழகம்மா அதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டாள். சலூனைத் தானே திறந்து, அவரை உள்ளே விட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். வருகிறவனின் மேல்கையை அமுக்குவாள். முனகினால் உள்ளே, முனகாதவன் ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும். ஒருமுறை முனகிய முகத்தை அவள் மறப்பதில்லை, அடுத்த முறை அமுக்காமலே உள்ளே.

"ராஜலிங்கம், இந்தப் பொண்டாட்டிய சாவடிக்கு அனுப்பினா ஆமிக்காரனுக்கு வீட்ட போகலாம்," என்று நஸீம் கையைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தான்.

ஊசி போடாதவர்களின் முடி தோளுக்கு இறங்கி, முகத்தை மூடியது. சாவடியில் அடையாள அட்டைப் படத்துக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை. ஒருநாள் பஸ்ஸையே இறக்கிப் பார்த்ததில் படத்தோடு பொருந்தியவர் டிரைவர் மட்டும்தான், அவர் வழுக்கை. காரணத்தைக் கேட்டு அலுத்துப்போன அதிகாரி பஸ்ஸை நேரே ஊசி போடும் இடத்துக்குத் திருப்பிவிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க ராஜலிங்கத்துக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

மறு வருடம் சிகிச்சை முடிந்து மறுபடி ஊசி. விடிந்ததும் அழகம்மா அவர் கையை அமுக்கினாள். அவர் முனகினார். சட்டைக் கைக்குள் பஞ்சு தேடினாள், இல்லை. அப்போதும் சாவியைக் கொடுக்கவில்லை. நோவு சாட்சியில்லையே.

சில கிழமைகள் கழித்து இரத்தத்தைச் சோதித்து, காவல்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து அழகம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

வாசல் கதிரையை மட்டும் எடுக்கவில்லை.